பதினாறு ஜிபி கால்

செயற்கைக் கால் செய்கிறவர் என்பதால் அவரை எல்லோரும் கால்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்கெல்லாம் கால் கொடுத்த மனிதரால் கூடப்பிறந்த தங்கைக்கு ஒரு கால் கொடுக்க முடியவில்லை. இரண்டு செய்து பார்த்துவிட்டார். இரண்டையும், "யாரோட காலையோ மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குண்ணா" என்று கழற்றிவைத்துவிட்டாள். வீடு வீடாக நடந்து தபால் கொடுத்தவள், விபத்தில் இடக்கால் போன பிறகு ஒரு வருஷமாகச் சக்கர நாற்காலியே கதி என்று கிடந்தாள்.

மூன்றாவதற்கு அவர் வேறு வழி பிடித்தார். அவளுடைய நல்ல வலக்காலை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் இடவலம் மாற்றி, அந்த அச்சிலேயே இடக்காலை வடிப்பது. பட்டறைக் கம்ப்யூட்டருக்கோ மெமரி நாலே ஜிபி. அந்த ஸ்கேன் கோப்பைத் தொட்டாலே மூச்சு நின்றுவிடும். "இதுவும் சரிவரலன்னா விட்டுடு, என்னை இப்படியே இருக்க விடு" என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கால்காரர் எட்டு ஜிபி மெமரிப் பட்டைகள் இரண்டு வாங்கி வந்தார்.

அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். கம்ப்யூட்டரை முறையாக அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியட்டும் என்று பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தார்.

"என்னை அறுத்தப்பகூட இவ்வளவு ஏற்பாடு இல்ல" என்றாள் தங்கை.

"உனக்கு டாக்டர் இருந்தாரு. இதுக்கு நான்தானே இருக்கேன்."

அச்சு வார்க்கும் மாவுத்தூள் படிந்த மேலங்கியைக் கழற்றினார். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்தார். பெட்டியைத் திறந்து, தன் உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் சில்லுகளைப் பொசுக்கிவிடக் கூடாதே என்று முதலில் வெறும் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டார். கொக்கிகளை விலக்கியதும் பழைய பட்டை தானாக எழும்பியது.

புதியதை ஓரம் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு சாண்கூட இல்லை, எடையும் இல்லை. இதற்குள்ளா என் தங்கையின் கால் வந்து நிற்கப்போகிறது என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"அண்ணா, திருப்பிப் பிடிச்சிருக்கே."

உண்மைதான். பட்டையின் அடியிலிருந்த வெட்டு நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது; செருகும் துளையிலிருந்த மேடோ மறுபக்கம் இருந்தது. இடதை வலதாக்கியே பழகிப்போன கை. அசடு வழியத் திருப்பி, இரண்டையும் துளைகளில் வைத்து அழுத்தினார்.

ப்ளக்கைச் செருகிப் பொத்தானைத் தட்டினால், திரை கறுப்பு. பெட்டி மூன்று தடவை பீப் என்று கத்தியது. அவள் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினாள்.

"இரு, போகாத."

மறுபடியும் ப்ளக்கைப் பிடுங்கி, இரும்பைத் தொட்டு, குனிந்து பார்த்தார். ஒரு பட்டையின் முனை மயிரிழை தூக்கியிருந்தது. உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து அழுத்தியதன் லட்சணம். இந்தத் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு இரு முனையையும் அழுத்தினார். டக் என்றது.

திரை விழித்தது. பதினாறு ஜிபி என்று காட்டியது. கோப்பைத் திறந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கால் எழுந்து வந்தது. ஆடுசதையின் வளைவு, நரம்பின் மேடு, குதிகால் வெடிப்புவரை எல்லாம். இடவலம் மாற்றினார். ஒரு வருஷமாக இந்த உலகத்தில் இல்லாத இடக்கால் கண்ணெதிரே மெல்லச் சுழன்றது. தொழிலுக்கு வந்த இத்தனை வருஷத்தில் இப்படியொன்றைக் கால்காரர் பார்த்ததில்லை.

அவள் நாற்காலியை உருட்டி வந்து, திரையில் கணுக்காலருகே விரலை வைத்தாள். "இந்தத் தழும்பு வலது கால்ல இருக்கிறதாச்சே. சைக்கிள் செயின் கிழிச்சது."

"ஐயோ, திருப்பினதுல அதுவும் சேர்ந்து வந்துடுச்சு. அழிச்சிடறேன்."

மவுஸை எடுக்கப் போனவரின் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். ஒரு அடிகூடப் படாத காலை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? எப்ப போட்டுப் பாக்கலாம்?"