கேமராவை ஆட்டிய முதலாளி

பஸ்லி கேமராவை மேலிருந்து கீழே இழுத்தான். அந்தி நேரத்தில் கடைச் சட்டரை இறக்குகிற மாதிரி ஒரே இழுவை. நீர்த்தேக்கத்துக்குள் நின்ற பட்ட மரங்கள் திரையில் சாம்பல் கோடுகளாக வழிந்தன. மரமும் இல்லை, தண்ணீரும் இல்லை, நிறம் மட்டும்தான்.

"சாக்குல மெளகு வேகுது. இன்னும் எத்தன தரம் அதப் போட்டு ஆட்டுவீங்க?" என்றாள் அவன் மனைவி நிஷ்மியா, வேனுக்குள் இருந்தபடியே.

"இந்த ஒண்ணு மட்டும்."

"இதைத்தான் பல்லேகமயிலயும் சொன்னீங்க."

மாத்தளை டவுனில் மிளகு, ஏலம், கறுவா என்று விலை பேசியே வளர்ந்தவன் பஸ்லி. அவன் கையில் பட்ட எதற்கும் விலை உண்டு, இந்தப் படங்களைத் தவிர. லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டி, அரை வினாடி திறந்து வைத்து, அந்த அரை வினாடிக்குள் கேமராவை வேண்டுமென்றே அசைப்பான். இழுவை கொஞ்சம் தடுமாறினாலும் படம் சேறு. நூறில் ஒன்று தேறும். தேறிய ஒன்றை யாரும் விலை கேட்கமாட்டார்கள். அதில்தான் அவனுக்கு நிம்மதி.

இன்றைக்கு ஒன்று தேறியிருந்தது. வெள்ளைத் துணியைத் தண்ணீருக்குள் உதறியது போல ஒரு வெளிச்சம், அதன் நடுவே கறுப்பாக ஒரே கீறல். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் விசில் கேட்டது.

அணைக்கட்டுக் காவல்காரர்கள் இரண்டு பேர் கரையிலிருந்து இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவனுக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. பின்னால் வந்தவர் அவனுக்கு மேலான சார்ஜன், வயிறு பெருத்தவர். அவசரம் அவரிடம் இல்லை. அதுதான் பஸ்லிக்குப் பயமாக இருந்தது.

"யாருக்கு சிக்னல் காட்டுறீங்க?" சிங்களத்தில்தான் கேட்டார். பஸ்லிக்கு அது கடைப் பாஷை.

"சிக்னல் இல்ல மாத்தயா. போட்டோ."

"போட்டோ எடுக்கிறவன் கைய ஆட்டாம நிப்பான். நீங்க அரை மணித்தியாலமா மேல, கீழ ஆட்டுறீங்க. அந்தப் பக்கம் அணைக்கட்டு இருக்கு."

பஸ்லி கேமராவைக் கொடுத்தான். சார்ஜன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கோடு, கோடு, பச்சைப் புகை, மறுபடியும் கோடு. அணைக்கட்டு எதிலும் இல்லை. எதிலும் எதுவுமே இல்லை.

"ஒண்ணும் தெரியாத படத்துக்கு மாத்தளையிலிருந்து டீசல் அடிச்சு வருவாங்களா?"

"மெளகு ஏத்த வந்தேன் மாத்தயா. வழியில நிப்பாட்டினேன்."

"இப்ப கம்பியூட்டர்ல போட்டா கலங்கினதையெல்லாம் தெளிவாக்கலாம். எங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க." அடையாள அட்டையை வாங்கிப் பெயரை வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார்.

இரண்டாம் தரம் வாசித்தபோது பஸ்லிக்கு நிஸ்தார் நினைவுக்கு வந்தான். சாச்சாவின் மகன் அவன், ஈஸ்டர் குண்டு வெடித்த வருஷம், சுவரில் தொங்கிய ஓர் அரபுக் கலண்டருக்காக உள்ளே போனவன். இரண்டு பெருநாளும் கழிந்துதான் வெளியே வந்தான். அதுவரை நிஸ்தாரின் கடைக்கு யாரும் உழுந்து வாங்கக்கூட வரவில்லை.

சார்ஜன் யோசித்தார். "சரி. எல்லாத்தையும் இங்கயே அழியுங்க. அழிச்சா போகலாம். இல்லாட்டி பொலிஸைக் கூப்பிடுறேன்."

சரி என்ற ஒரு சொல் போதும். அது வாய்க்குள் இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் அந்த வாய் இருபத்தைந்து வருஷமாகச் சொன்ன விலைக்கு எதையும் விட்டதில்லை.

"எல்லாமா மாத்தயா? ஒரு பத்தை வச்சிக்கிறேனே. மிச்சத்த அழிச்சிடுறேன்."

சார்ஜனின் கை அப்படியே நின்றது. "அந்தப் பத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சரி, அஞ்சு."

"அஞ்சுல?"

வேனுக்குள் நிஷ்மியா நெற்றியில் அடித்துக்கொண்டது அவனுக்குத் தெரிந்தது. ஒன்றுமில்லாததற்கு எவன் பேரம் பேசுவான்? சார்ஜன் போனை எடுத்தார். "தம்பி, வேன் சாவிய எடு. சாக்கெல்லாத்தையும் கீழ இறக்கு."

இளையவன் சாவிக்குக் கை நீட்டினான்.

வேன் கதவு திறந்தது. படம் எடுக்க நிறுத்திய எந்த இடத்திலும் இறங்காதவள் இறங்கினாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நேராக சார்ஜனிடம் போனாள்.

"மாத்தயா, படத்த மட்டும் இல்ல, அந்த மெஷினையும் சேத்துத் தண்ணிக்குள்ள வீசுங்க. உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்."

சார்ஜன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.

அவள் தன் போனை நீட்டினாள். "இது எங்கட மகள்ட கல்யாணத்துக்கு இவர் எடுத்தது. எது மாப்பிள்ள, எது கதவு? சொல்லுங்க பாப்பம்." அவர் குனிந்தார். "இதக் கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டியிருக்கார். வர்ற சனம் சுவர் கசியுதுன்னு நினைச்சுத் தடவிப் பாக்குது."

இளையவன் இருமினான். அது இருமல் இல்லை.

"தெளிவாக்கலாம்..." என்று தொடங்கினார் சார்ஜன்.

"அந்தக் கம்பியூட்டர் எங்க இருக்கு மாத்தயா? இப்பவே போறேன். மகள்ட முகத்த ஒரு தரமாச்சும் பாத்துக்கிறேன்."

இந்தப் பேச்சைப் பஸ்லி தினமும் கேட்கிறவன். கொழும்பு வியாபாரி விலையை இறக்க நல்ல மிளகை வாயில் போட்டுக் கடித்து, துப்பி, 'காய்ச்சல் பத்தாது, பாதி சொத்தை' என்பானே, அதே சுருதி. பஸ்லி விற்கிறவனாகப் பேசி மாட்டிக்கொண்டான். இவள் வாங்க வந்தவளாகப் பேசினாள்.

போனில் யாரோ எடுத்தார்கள். சார்ஜன் நிஷ்மியாவைப் பார்த்தார், பஸ்லியைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, பிறகு எடுக்கிறேன்" என்று வைத்தார். கேமராவைப் பஸ்லியிடம் நீட்டினார்.

"எல்லாத்தையும். நான் பாக்க."

திரை கேட்டது, எல்லாவற்றையும் அழிக்கவா என்று. அதற்குப் பின்னால் அந்த வெள்ளை வெளிச்சமும் கறுப்புக் கீறலும் நின்றன. 'ஒண்ணே ஒண்ணு மாத்தயா' என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சார்ஜன் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நிஷ்மியா தண்ணீரைப் பார்த்தாள்.

பஸ்லி பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். திரை வெறுமையானது.

சார்ஜன் ஒரு தரம் சரிபார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "இனி இந்தப் பக்கம் நிப்பாட்டாதீங்க முதலாளி. உங்கட நோனாவுக்கு ஒரு நல்ல போட்டோ எடுத்துக் குடுங்க, அசையாம."

வேன் நாலந்தாவைத் தாண்டியதும் பஸ்லி கேட்டான்.

"மெய்யாவே எல்லாம் குப்பைதானா?"

"சாமான் கையவிட்டுப் போயிரக் கூடாதுன்னா, அதப் புகழ்ந்தா பேசுவாங்க?"

அவன் அவள் பக்கம் திரும்பினான். "எந்தச் சாமான்? படமா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் நிஷ்மியா. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, தலைத்துணி முனையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.