கரப்பான் டாக்டர் வீட்டுக் குளவிகள்

பதினொரு வருடமாக அவள் வளர்த்த குளவிகள் ஒருமுறைகூட அவளைத் தலைகுனிய வைத்ததில்லை. கடுகில் கால்வாசிகூட இல்லாத குளவிகள். பயிர் தின்னும் புழுவின் முட்டைக்குள் தம் முட்டையை வைத்து, புழுவைப் பிறக்கவே விடாமல் கதையை முடித்துவிடும். ஆய்வுக்கூடத்தில் அந்துப்பூச்சி முட்டைகளை அட்டையில் ஒட்டி, கண்ணாடிக் குழாய்க்குள் குளவிகளோடு வைப்பார்கள். நாலு நாளில் அட்டை கறுத்தால் குளவி வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். அவள் கை பட்ட அட்டை அடுப்புக்கரியாகக் கறுக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த திமிர்.

அந்தத் திமிருக்குத்தான் மூன்று வாரமாகச் சோதனை. திங்கட்கிழமை அவள் குழாய்களில் விட்ட குளவிகள் மதியத்துக்குள் செத்துக் கிடந்தன. அடுத்தடுத்த நாள் விட்டவை வெள்ளிக்குள் ஓரளவு தேறும்; அடுத்த திங்கள் மறுபடி அதே கதை. பக்கத்து மேசையில் அதே குளவிகள் ஜம்மென்று இருந்தன. இந்த வாரமும் அட்டை கறுக்காவிட்டால் வளர்ப்பறை வேறு கைக்குப் போகும் என்று கூடத்தின் தலைவி டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அவள் கணவர் வீடு வீடாகப் போய்ப் பூச்சிமருந்து அடிப்பவர். தெருவில் அவருக்குக் கரப்பான் டாக்டர் என்று பெயர். போன மாதம் வாஷிங் மெஷின் வந்ததும், "இனிமே நீ துணியில கை வைக்கக் கூடாது, அது என் டிபார்ட்மென்ட்" என்று ஆசையாக ஏற்றுக்கொண்டவர். ஞாயிறு மதியம் அவர் மெஷினிலிருந்து, மருந்தடிக்கப் போடும் தன் காக்கிச் சட்டையை உருவினார். அதன் கையைச் சுற்றிக்கொண்டு அவளுடைய வெள்ளைக் கோட்டும் கூடவே வந்தது.

அவள் கோட்டின் முனையைப் பிடித்துப் பார்த்தாள். குளவி விடுமுன் குழாயின் உட்புறத்தைக் கோட்டு முனையால் ஒரு துடை துடைப்பது அவள் வழக்கம். வேறு யாருக்கும் அந்த அதிகப்படிச் சுத்தம் கிடையாது.

திங்கள் காலை டாக்டரம்மாவின் மேசையிலேயே மூன்று குழாய்களை வைத்தாள். ஒன்றில் புதுத் துணித் துண்டு, ஒன்றில் கையால் தனியாகத் துவைத்த கோட்டின் துண்டு, ஒன்றில் மெஷினில் துவைத்த கோட்டின் துண்டு. ஒவ்வொன்றிலும் ஐம்பது குளவிகள்.

"தப்பு உன் மேலதான்னு நீயே சாட்சி சொல்ற மாதிரி இருக்கேம்மா" என்றார் டாக்டரம்மா.

"இருக்கட்டும் மேடம். எம்மேலயே இருந்தாலும் காரணம் தெரியணும். அதுங்க என்ன பாவம் பண்ணிச்சு?"

அரை மணி நேரத்தில் மூன்றாவது குழாயில் அசைவு நின்றது. மற்ற இரண்டிலும் ஓட்டமும் சாட்டமுமாக இருந்தது. கோட்டுகள் இனி கூடத்திலேயே துவைக்கப்படும் என்று டாக்டரம்மா அன்றே கதவில் எழுதி ஒட்டினார். அவளிடம் புதுக் கோட்டு ஒன்றை நீட்டி, "போ, உன் ரூமைப் பாரு" என்றார்.

வீட்டில் சொன்னபோது கணவர் முகம் சுருங்கிப் போனது. அப்புறம் மெதுவாகக் கேட்டார். "துவைச்ச துணியிலகூட அரை மணியிலயா?"

"ஏங்க, அதுல உங்களுக்குப் பெருமை வேறயா!"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை அட்டைகள் கறுத்தன. நூறு முட்டைக்குத் தொண்ணூற்று நாலு. சாயங்காலம் அவர் வேலை முடிந்து அதே காக்கியோடு கூடத்துப் பக்கம் வந்தார். வந்தவர் கேட்டை நெருங்கவில்லை. தெருவின் எதிர்ப்புறமே நின்றுகொண்டார்.

"உள்ள வாங்க!"

"வேணாம்மா, எம்மேல மருந்து இருக்கு. அங்கிருந்தே காட்டு."

அவள் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவ்வளவு தூரத்தில் ஒரு கறுப்புத் துண்டைத் தவிர வேறென்ன தெரிந்திருக்கும்? ஆனாலும் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற, முன்பின் தெரியாத ஒருவரிடம் சத்தமாகச் சொன்னார்:

"பாத்தீங்களா சார், எங்க வீட்டம்மா வளத்தது!"