சிறுத்தை கொண்டுபோன நாய்

பாகிந்தேயின் நாய்க்குப் பெயர் 'கேட்டாத்தருவேன்'. இதென்ன பெயர் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். நாய்க்குப் பெயர் வைப்பது நாய்க்காகவா? முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பக்கத்து வீட்டுக்காரன் காதில் போடத்தான். பாகிந்தேயின் பக்கத்து வீட்டுக்காரன் பசுங்கு, கேழ்வரகுக் கள் ஊறினால் பானையைப் பாய் போட்டு மூடிவிட்டு, வருகிறவனிடம் கையை விரிக்கிற ஆள். அவன் காதில் விழட்டும் என்றே பாகிந்தே காலையிலும் மாலையிலும் வேலியோரம் நின்று "ஏ கேட்டாத்தருவேன்!" என்று தொண்டை கிழியக் கூப்பிடுவான். பசுங்குவுக்கு முகம் கறுக்கும். நாய் மட்டும் வராது.

வராது என்றால் காது கேட்காமல் இல்லை. தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்க்கும். நெற்றியில் நாலு மடிப்பு விழும். பெரிய யோசனைக்காரன் மாதிரி இருந்துவிட்டு, மறுபடி முன்னங்காலை நக்கி முகம் கழுவிக்கொள்ளும். பூனைக்குப் பிறந்ததோ என்று நகிதி திட்டுவாள். நகிதி பாகிந்தேயின் மனைவி. அவள் திட்டுவதற்குக் காரணம் இருந்தது. பானை மூடியைச் சத்தமில்லாமல் திறக்க அந்த நாய் கற்று வைத்திருந்தது. உலர்த்திய ஈசலைக் குதிர் மேலே ஒளித்து வைத்தால், கம்பத்தைக் கட்டிக்கொண்டு ஏறிப் போய்த் தின்றுவிட்டு, அங்கேயே வாலைச் சுருட்டிப் படுத்திருக்கும். கையும் களவுமாகப் பிடித்தாலும் வெட்கம் கிடையாது. கொட்டாவி விடும்.

குரைக்காது. எங்கள் நாய்கள் எதுவுமே குரைக்காது. அதனால்தான் வேட்டைக்குப் போகும்போது கழுத்தில் மரமணி கட்டுகிறோம், இல்லாவிட்டால் ஆளுயரப் புல்லுக்குள் நாய் எங்கே, மான் எங்கே என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அது பாடும். அதைப் பாட்டு என்பதா, முனகல் என்பதா, தொண்டைக்குள் தண்ணீர் உருளுகிற மாதிரி ஒரு சத்தம், ஏறி இறங்கி வரும். அதையும் கண்டவர்களுக்கெல்லாம் பாடாது. பாகிந்தே வீட்டுக்குள் நுழையும்போது பாடும். நகிதிக்குப் பாட ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. முதல் நாள் அது அவள் முழங்காலில் ஒரு காலை வைத்துப் பாடியபோது, அன்று காலையில்தான் அவளுடைய கோழிக்கறியைத் தின்றிருந்தது என்பதையே அவள் மறந்துபோனாள். உலகத்தில் எங்கள் ரெண்டு பேருக்குத்தான் இது பாடும் என்று பாகிந்தே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

ரென்சிக்குக்கூட அது பாடியதில்லை. ரென்சி பாகிந்தேயின் ரத்தப் பங்காளி. பதினைந்து வருடங்களுக்கு முன்னால் இருவரும் நெஞ்சைக் கீறி, ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் நிலக்கடலையில் தொட்டு விழுங்கியவர்கள். கூடப்பிறந்தவன்கூடப் பொய் சொல்லலாம், ரத்தப் பங்காளி சொல்லக் கூடாது. ஏனென்றால் விழுங்கிய ரத்தம் வயிற்றுக்குள் காது கொடுத்துக்கொண்டு இருக்கிறது. ஏமாற்றப்பட்டவன் அதைப் பெயர் சொல்லி எழுப்பினால், ஏமாற்றியவன் வயிறு வீங்கிச் சாவான். பங்காளி ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லவும் கூடாது. மற்றபடி ஊர் நடுவே ஒருவரையொருவர் எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் தப்பில்லை, அது அந்த உறவின் உரிமை. ரென்சி ஆற்றுக்கு அக்கரையில் ஒரு நாள் நடையில் இருந்தான். வரும்போதெல்லாம் வாசலில் நின்றே, "இந்தக் குரங்குமூஞ்சி இன்னும் சாகலையா?" என்பான். பாகிந்தே உள்ளேயிருந்து, "உன்னைப் புதைக்காம நான் எங்கடா போறது?" என்பான். நகிதி சிரித்துக்கொண்டே அடுப்பை மூட்டுவாள்.

போன கோடையில் புல்லுக்குத் தீ வைக்கிற சமயம் ரென்சி வந்து, எங்கள் பக்க வேட்டைக்கு நாயைக் கொடு என்றான். பாகிந்தே மறுபேச்சுப் பேசவில்லை. தானே மணியைக் கட்டி, வழியில் சத்தம் வராமல் இருக்க அதற்குள் புல்லைத் திணித்து அனுப்பினான்.

பத்தாம் நாள் ரென்சி தனியாக வந்தான். வாசலில் நின்று திட்டவில்லை. மடியிலிருந்து மணியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். மணியில் பல் பதிந்த தடம் இருந்தது, காய்ந்த ரத்தமும் இருந்தது. சிறுத்தை, என்றான்.

பாகிந்தேக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது. ஆனால் எதிரே இருப்பவன் தேம்பித் தேம்பி அழும்போது தான் எப்படி அழுவது? கோழி அடிக்கச் சொன்னான். உன் தப்பு இல்லை பங்காளி என்று இரண்டு நாள் உட்கார்ந்து தேற்றினான். போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று, தன் தகப்பன் வைத்திருந்த ஈட்டியைக் கொடுத்து அனுப்பினான். அன்று ரென்சி அதை வாங்கிய விதம் பின்னால் அவனுக்குப் பலமுறை நினைவுக்கு வந்தது. கண்ணைப் பார்க்காமல் வாங்கினான்.

சிறுத்தை சும்மா வருமா? யாரோ ஒருவன் வயிற்றெரிச்சல்தானே சிறுத்தையைக் கூட்டி வருகிறது. பாகிந்தே கறையான் புற்றில் இரண்டு குச்சிகளைச் செருகி, இது பசுங்குவின் வேலையானால் இந்தக் குச்சியைத் தின்னு என்று சொல்லிவிட்டு வந்தான். காலையில் போய்ப் பார்த்தால் அந்தக் குச்சியைத்தான் கறையான் தின்றிருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் உன் மேல்தான் சந்தேகம் என்பதற்கு அடையாளமாகக் கோழிச் சிறகைப் பசுங்குவின் முன்னால் வைக்கச் சொன்னான். பாவம், பசுங்கு. எல்லோரும் பார்க்க வாயில் தண்ணீரை வைத்து அந்தச் சிறகின் மேல் ஊதி, "எனக்கு எதுவும் தெரியாதுப்பா. எனக்கே தெரியாம என் வயித்துல ஏதாச்சும் இருந்தா அது குளிரட்டும்" என்றான். அப்போது அவன் குரல் நடுங்கியதைப் பாகிந்தே குற்றவாளியின் நடுக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

அதன் பிறகு ரென்சி மாதம் ஒருமுறை வந்தான். நீ வராதே பங்காளி, ஆறு பெருகிக் கிடக்கிறது, நானே வருகிறேன் என்பான். தன் மேல் எவ்வளவு கரிசனம் என்று பாகிந்தே மனைவியிடம் சொல்லிப் பூரித்தான். பத்து மாதம் இப்படிப் போனது. பிறகு, ரென்சியின் மனைவி நபன்சுவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று பருத்தி மூட்டை சுமந்து வந்த ஒருவன் சொன்னான். ஆறும் வடிந்திருந்தது. பாகிந்தே ஒரு கட்டு சுட்டு உலர்த்திய இறைச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று பங்காளியைத் திடுக்கிட வைக்கலாம் என்று கிளம்பினான்.

மறுநாள் முற்பகல் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் நபன்சு மட்டும் இருந்தாள். அவனைக் கண்டதும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பிள்ளை பெற்ற களைப்பு என்று அவன் நினைத்தான். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் அவள் அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். பாகிந்தே திரும்பினான்.

எள் உலர்த்துகிற பரணின் மேல் நாய் உட்கார்ந்திருந்தது. செவலை உடம்பு. இடது முன்னங்கால் முட்டி வரை வெள்ளை. அந்தக் காலைத்தான் நக்கி முகம் கழுவிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு கணம் பாகிந்தேக்கு வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். சிறுத்தையிடமிருந்து தப்பி வந்து இங்கே சேர்ந்திருக்கிறது, சேதி சொல்ல ஆள் கிடைத்திருக்காது என்றுதான் அவன் மனம் ஓடியது. அவ்வளவு நம்பிக்கை. "கேட்டாத்தருவேன்!" என்று கூப்பிட்டான். நாய் நிமிர்ந்து பார்த்தது. நெற்றியில் அந்த நாலு மடிப்பு விழுந்தது. பிறகு மறுபடி காலை நக்க ஆரம்பித்தது. அதனால் என்ன, கூப்பிட்டவுடன் அது என்றைக்கு வந்திருக்கிறது என்று அவனே அதற்காகப் பரிந்து பேசிக்கொண்டான்.

அப்போது மரவள்ளிக் கொல்லைப் பக்கமிருந்து ரென்சியின் குரல் கேட்டது. நடந்துகொண்டே உரக்கக் கூப்பிட்டான். "யாரையும்கேக்கல! ஏ யாரையும்கேக்கல!"

நாய் பரணிலிருந்து ஒரே தாவாகத் தாவியது. பாகிந்தேயின் காலை உரசிக்கொண்டு ஓடியது. வளைவில் ரென்சி தென்பட்டதும் அவன் தொடையில் இரண்டு கால்களையும் ஊன்றி, தலையைத் தூக்கி, பாடியது.

ரென்சி அதன் காதைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தான். பாகிந்தேயைப் பார்த்தான். கையில் பாகிந்தேயின் தகப்பன் ஈட்டி இருந்தது. அதைக் கீழே வைத்தான்.

"சிறுத்தை தின்ன நாய்தானே பங்காளி இது?" என்றான் பாகிந்தே.

"ஆமா."

"மணியில பல்லுத் தடம்?"

"கத்தியால நான்தான் போட்டேன். ரத்தம் கோழியோடது."

பாகிந்தே பரணின் கம்பைப் பிடித்துக்கொண்டான். "கேட்டா இல்லன்னு சொல்ற உறவாடா இது? ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்துருப்பேனே. அழுதுக்கிட்டே குடுத்துருப்பேன், ஆனா குடுத்துருப்பேன்ல?"

"குடுத்துருப்பே. அதனாலதான் கேக்கல." ரென்சி நாயின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. "மம்பட்டி நீ குடுத்தது. விதை நீ குடுத்தது. இவளக் கட்டப் பரிசமாக் குடுக்க ஈட்டி குறைஞ்சப்போ நீதான் குடுத்தே. எல்லாம் கேட்டு வாங்குனதுதான். நான் எதைத் தொட்டாலும், அது பாகிந்தே குடுத்ததுதானேன்னு ஒருத்தன் சொல்லுவான். ஒண்ணே ஒண்ணாவது யாரும் அப்படிச் சொல்லாம இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

"என் வீட்டுல உக்காந்து அழுதியேடா."

"அழுதது நெசந்தான்" என்றான் ரென்சி. "நீ கோழி அடிக்கச் சொன்னப்போ இன்னும் அழுகை வந்துச்சு."

பாகிந்தே அடித்திருந்தால் ஆறியிருக்கும். அடிக்கக் கை எழவில்லை. பசுங்குவின் நடுங்கிய குரல் காதுக்குள் கேட்டது. வாயைத் திறந்து, ரென்சியின் வயிற்றைப் பார்த்து, ரத்தத்தை எழுப்ப ஒரு வார்த்தை போதும். ரென்சிக்கும் அது தெரியும், அவன் தலையைக் குனிந்து காத்திருந்தான். நபன்சுதான் ஓடிவந்தாள். எட்டு நாள் குழந்தையைக் கொண்டுவந்து பாகிந்தேயின் காலடியில், மண்ணில் கிடத்தினாள்.

குழந்தை தூக்கத்தில் வாயைச் சப்பியது. பாகிந்தே குனிந்து அதன் தலையில் கை வைத்துச் சொன்னான். "நாயைக் கூட்டிட்டுப் போறேன். ரத்தத்தக் கூப்பிட மாட்டேன். இன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல. இந்தப் புள்ள மேல சத்தியம்."

ரென்சி தடுக்கவில்லை. கொடியால் ஒரு கயிறு திரித்து நாயின் கழுத்தில் அவனே கட்டி, நுனியைப் பாகிந்தேயிடம் கொடுத்தான். கொண்டுவந்த இறைச்சிக் கட்டைக்கூட இறக்கி வைக்காமல் பாகிந்தே திரும்பி நடந்தான்.

வழியெல்லாம் நாய் இழுத்தது. உட்கார்ந்து கொண்டது. அவன் பேசிக்கொண்டே நடந்தான். நகிதி எப்படி இளைத்துவிட்டாள், ஈசல் இப்போதெல்லாம் குதிர் மேலே பத்திரமாக இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை என்றெல்லாம் சொன்னான். மறுநாள் ஆற்றங்கரைக்கு வந்ததும் அது நான்கு கால்களையும் மண்ணில் ஊன்றிக்கொண்டது. தண்ணீர் என்றால் அதற்கு ஆகவே ஆகாது, பனி நனைந்த புல்லைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிற பிராணி. பழைய வழக்கப்படி பாகிந்தே அதைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினான். அதன் உடம்புச் சூடு கழுத்தில் பட்டதும் பத்து மாதமாக வராத அழுகை வந்தது. அழுதுகொண்டே கடந்தான்.

இக்கரையில் இறக்கிவிட்டு, ஒரு துண்டு இறைச்சி கொடுத்தான். தின்றது. கயிற்றைப் பார்த்தபோது அவனுக்கே அசிங்கமாக இருந்தது. சொந்த நாயைச் சொந்த ஊருக்குக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போக நான் என்ன திருடனா என்று அதை அவிழ்த்து எறிந்தான்.

நாய் உடம்பை உதறியது. சாவகாசமாக முகம் கழுவியது. அவன் கையை ஒருமுறை மோந்து பார்த்தது, அவன் கையை நீட்டியபடியே நின்றான். பிறகு அது திரும்பி, ஆற்றில் இறங்கியது. பனிப்புல்லுக்குப் பயந்த நாய் கழுத்துவரை தண்ணீரில் மூழ்கி, மூக்கை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நீந்தியது. நடு ஆற்றில் இழுப்பு அதைப் பக்கவாட்டில் கொண்டுபோனது. அப்போதும் அது இந்தப் பக்கம் திரும்பவில்லை. அக்கரை ஏறியதும் பாகிந்தே இரண்டு தரம் கூப்பிட்டான். அது வந்த பாதையிலேயே ஓடி, புல்லுக்குள் மறைந்தது.

அவன் கரையில் நின்றான். மறுபடி போய்க் கேட்கலாம். ஆனால் கேட்டு என்ன செய்வது, ரென்சி இரண்டாம் தரமும் கயிறு திரித்துத் தருவான். ரத்தத்தைக் கூப்பிடுவதற்கும் வாயைக் கட்டிப் போட்டாகிவிட்டது. எல்லாரும் மீறிவிட்டார்கள், மீற முடியாத சொல் ஒன்று அவனிடம் மட்டும் இருந்தது. அதை நினைத்தபோதுதான் அவனுக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது. கையில் அகப்பட்ட கல்லை எடுத்து ஆற்றில் எறிந்தான்.

ஊருக்குள் வரும்போது இறைச்சிக் கட்டைப் பசுங்குவின் வாசலில் வைத்தான். இது எதற்கு என்று பசுங்கு பயந்துபோய்க் கேட்டான். சும்மா வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நிற்காமல் வந்தான்.

நகிதி கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள். குழந்தை யார் மாதிரி என்று கேட்டாள், தாய் மாதிரி என்றான். ரென்சி நன்றாக இருக்கிறாரா என்றாள். இருக்கிறான் என்றான். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பெருமூச்சு விட்டாள்.

"பாவம் அந்த மனுசன். அன்னைக்கு என்னமா அழுதாரு. இன்னமும் அவருக்கு நம்ம நாய் நெனப்புத்தானா?"

"ஆமா" என்றான் பாகிந்தே. "அதே நெனப்புத்தான்."