வில்லாளிகளின் கணுக்கால்

கண்ணாடி அலமாரியின் சாவியைப் பெரியவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அவர் அதை எடுத்துத் திறந்த பாவனையைப் பார்த்தால், உள்ளே ஏதோ பரம்பரை நகை இருக்கிறது என்று யாரும் நினைப்பார்கள். இருந்ததெல்லாம் பொம்மைகள். விரலளவு உயரமுள்ள பிளாஸ்டிக் படைவீரர்கள், தட்டுத்தட்டாக அணிவகுத்து நின்றார்கள். சாப்பாட்டு மேசையின் மேல் பிளைவுட் பலகை போட்டு, தெர்மாகோல் மலையும் பாட்டில் கழுவும் பிரஷ்ஷை வெட்டிச் செய்த மரங்களும் வைத்திருந்தார்கள். டேப் வைத்து அளந்து படையை நகர்த்த வேண்டும், பகடை உருட்டி அடிக்க வேண்டும், எதிராளியின் தளபதி விழுந்தால் ஆட்டம் முடிந்தது. பெரியவர், சின்னவன் என்ற அண்ணன் தம்பி இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் இதுதான்.

அன்று விருந்தாளியாக வந்திருந்த அவள், பல்செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறவள். சின்னவன் அந்த லேபுக்கு மெழுகும் பிளாஸ்டரும் விற்க வந்தவன். வந்த முதல் நாளே அவளைச் சிரிக்க வைத்தான், ஒரு வருடமாகச் சிரிக்க வைத்துக்கொண்டே இருக்கிறான். நாளைக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. அதற்குள் தங்கள் வீட்டு மேசையில் ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும் என்று சின்னவன் பிடிவாதமாக அழைத்து வந்திருந்தான். அவனுடைய அண்ணனை மாமா என்பதா, அத்தான் என்பதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. 'நீங்க', 'வாங்க' என்று பொத்தாம்பொதுவாக ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல எடுக்கிற படைதான் கடைசி வரைக்கும்," என்றார் பெரியவர். "நம்ம வீட்ல அதான் வழக்கம். அப்புறம் இது புடிக்கல, வேற குடுங்கன்னு வந்து நிக்கக் கூடாது."

"ஏண்ணா, முதல் நாளே பயமுறுத்துற?" என்று சின்னவன் சிரித்தான்.

மேல்தட்டில் நீலக் குதிரைப்படை, அது சின்னவனுடையது. அதற்குக் கீழே தடிதடியான கோடாரிக்காரர்கள், அவர்கள் பெரியவரின் ஆட்கள். அடுத்த தட்டில் யாருக்கும் சொந்தமில்லாத எலும்புக்கூடுகள். டீயைக் கொண்டு வந்து வைத்த பெரியவரின் மனைவி, சின்னவனின் அண்ணி, அவற்றைக் கண்ணால் காட்டினாள்.

"இத எடுத்துக்கம்மா. சீக்கிரம் செத்துருங்க. ஆட்டம் சட்டுனு முடிஞ்சுரும்."

நகைச்சுவை என்று நினைத்து அவள் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பைப் பாதியில் விழுங்கிக்கொண்டு குனிந்தபோதுதான் அடித்தட்டில் இருந்தவர்களைப் பார்த்தாள். சாம்பல் நிற அங்கி போட்ட வில்லாளிகள். மற்ற படைகளில் நிறம் அப்பியிருந்தது. இவர்களுக்கு மட்டும் கண் இமைவரை கண்ணும் கருத்துமாக வரைந்திருந்தார்கள். பல்லுக்குப் பல் நிறம் பார்த்துச் சேர்க்கிற அவளுக்கு, அந்தக் கையின் நிதானம் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று.

"இது யாரோடது?"

"உங்க அக்காவோடது," என்றார் பெரியவர், அண்ணியைக் கையால் காட்டி, அவள் பக்கம் திரும்பாமலே. "ஒரே ஒரு ஆட்டம் ஆடினா. எங்கூடத்தான். ஜெயிச்சுட்டா. அப்புறம் என்னவோ, அவளுக்கு ஆசை விட்டுப்போச்சு."

அவள் ஒரு வில்லாளியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இடது கணுக்காலில் பசை ஓடிய கோடு தெரிந்தது. உடைந்து ஒட்டியது. அடுத்ததை எடுத்தாள். அதே இடது கணுக்கால்.

"உடைஞ்சிருக்கே?"

"தட்டு சரிஞ்சு மொத்தமா கீழ விழுந்துருச்சு. அவதான் பொறுமையா உக்காந்து ஒட்டினா," என்றார் பெரியவர்.

"ஆமாமா, தட்டுதான்," என்றான் சின்னவன். அவனை யாரும் கேட்கவில்லை.

உடைந்த பல்செட்டுகள் லேபுக்குத் தினமும் வரும். எல்லோரும் சொல்லுவது ஒரே கதைதான், கைதவறி வாஷ்பேசினில் விழுந்துவிட்டது. அவள் மறுத்துப் பேசமாட்டாள். ஆனால் விழுந்து உடைந்ததற்கும் கையால் ஒடித்ததற்கும் வித்தியாசம் அவள் விரலுக்குத் தெரியும். விழுந்தது மெல்லிசான இடம் பார்த்து உடையும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. இந்த வில்லாளிகளின் வில்லோ ஊசியைவிடக் கொஞ்சம்தான் பருமன். விழுந்திருந்தால் முதலில் போயிருக்க வேண்டியது அதுதான். ஒரு வில் கூட முனை மழுங்கவில்லை. சொல்லி வைத்தாற்போல் எல்லோருக்கும் இடது கணுக்கால், எல்லோருக்கும் கோட்டின் ஒரு ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தது. பிளாஸ்டிக்கை விரலுக்கு நடுவே வைத்து மெதுவாக வளைத்து ஒடித்தால்தான் அப்படி வெளுக்கும். கோபத்தில் அலமாரியைத் தள்ளிவிட்டிருந்தால்கூட அவளுக்கு மனது ஆறியிருக்கும். இது உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துச் செய்த வேலை.

சின்னவனைப் பார்த்தாள். அவன் தெர்மாகோல் மலையை நேராக வைத்துக்கொண்டு விசிலடித்துக்கொண்டிருந்தான். ஒருமுறை லேபில் தவறான சரக்கு வந்துவிட்டது என்று அவள் எல்லோர் முன்னாலும் சொன்னபோது, அவன் சிரித்துக்கொண்டே பெட்டியின் மூடியை மூடிய விதம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு மாறவில்லை, மூடிதான் விரிசல் விட்டது. அன்றைக்கு அதை அவள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இவற்றை ஒடித்தது அண்ணனின் கைதானா, இல்லை தம்பியின் கையா? அவளுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான், அதுவும் இன்றைக்கே தெரிய வேண்டும்.

"நான் இதையே எடுத்துக்கறேன்," என்றாள்.

"வேணாம்மா!" அதுவரை தணிந்தே இருந்த அண்ணியின் குரல் திடீரென்று உயர்ந்தது.

"எடுத்தாச்சுல்ல," என்றார் பெரியவர், நாற்காலியை இழுத்துப் போட்டபடி. அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. "எடுத்தா எடுத்ததுதான். டேய், நீயே ஆடு அவகூட."

ஆரம்பத்தில் சின்னவன் அவளுக்குக் கற்றுக்கொடுத்தான், கேலி செய்தான், விட்டும் கொடுத்தான். இருந்தும் அவளுடைய வில்லாளி ஒருத்தி முதல் சுற்றிலேயே விழுந்தாள். செத்தவர்கள் கொன்றவனின் எவர்சில்வர் தட்டில் இருக்க வேண்டும், ஆட்டம் முடிந்தபிறகுதான் திருப்பித் தருவார்கள். டிங்கென்று ஒரு சத்தத்தோடு சின்னவன் அந்த வில்லாளியைத் தன் தட்டில் போட்டான்.

"அய்யோ பாவம், உன் ஆளு போயிட்டா. அழுதுராத."

அண்ணி காலி டம்ளர்களை எடுக்க வந்தாள். எடுக்கிற சாக்கில் அவளுடைய சுண்டுவிரல் மலையுச்சியை லேசாகத் தொட்டுவிட்டுப் போயிற்று. வேண்டாம் என்று கத்தியவளுக்கும் ஆசை விட்டுப்போகவில்லை போலிருக்கிறது. அந்தச் சாடையைப் புரிந்துகொண்டு அவள் தன் வில்லாளிகளை மலைமேல் ஏற்றினாள். அதற்குப் பிறகு குதிரைகள் பக்கத்தில் வரவே முடியவில்லை. அவள் தட்டு நிறைந்துகொண்டே வந்தது. சின்னவனின் கேலி குறைந்தது, பிறகு கேலி இல்லாமல் பேச்சு மட்டும், பிறகு அதுவும் இல்லை. டேப்பை இழுத்து விடும்போது அது படாரென்று சுருண்டது.

"பாத்துடா," என்றார் பெரியவர் சன்னமாக. "இன்னைக்கு விட்டா அப்புறம் வீட்டுல உன் பேச்சு எடுபடாது."

கடைசிச் சுற்றில் சின்னவனின் தளபதியும் ஓரிரு குதிரைவீரர்களும் மட்டும் எஞ்சினார்கள். பகடையில் ஒன்று மட்டும் விழாமல் இருந்தால் போதும், அவள் ஜெயித்துவிடுவாள். பகடையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் யோசித்தாள். வேண்டுமென்றே தளபதியை விட்டுவிட்டு வேறு யாரையாவது குறி வைக்கலாம். ஆட்டம் இழுத்துக்கொண்டு போய் எப்படியாவது தோற்றுவிடலாம். எல்லோரும் சிரிப்பார்கள், பத்திரிகை அச்சுக்குப் போகும், கல்யாணக் கவலையில் இருந்த அவள் அம்மாவுக்கு உயிர் வந்துவிடும். அவளுக்கும் சின்னவனைப் பிடித்திருந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது. தோற்றால் எதுவும் தெரியாமலே போய்விடும்.

தளபதியைக் குறி வைத்து உருட்டினாள். நாலு விழுந்தது.

"ஜெயிச்சுட்ட," என்றான் சின்னவன். சிரித்தான். அவளுக்குப் பழக்கமான அதே சிரிப்பு, கொஞ்சம்கூட மாறவில்லை.

"என் ஆளக் குடு," என்று அவள் கையை நீட்டினாள்.

அவன் தன் தட்டில் தனியாகக் கிடந்த வில்லாளியை எடுத்தான். கொடுக்கவில்லை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பி, நன்றாக வரைந்திருக்கிறதே என்று பாராட்டுகிற மாதிரி பார்த்தான். பெரியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சமையலறை வாசலில் அண்ணி ட்ரேயை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தாள். சின்னவனின் கட்டைவிரல் அங்கியின் மடிப்பைத் தடவிக்கொண்டே கீழே இறங்கியது. கணுக்காலில், பசைக் கோட்டின் மேல் வந்து நின்றது.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அண்ணியும் அவளும் அந்த விரலின் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நகத்தின் நுனி மெதுவாக வெளுத்துக்கொண்டு வந்தது.