ஆறாவது வண்டி

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதத்தில் பிறந்தது. கடிதத்தை எழுதியவள் நான்தான். எங்கள் சந்தில், என் வாசலுக்கு நேரே உள்ள மின்கம்பத்தில், வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி ஒன்றை மாட்டினார்கள். அன்றிலிருந்து எந்நேரமும் வாசலை மறைத்துக்கொண்டு ஓர் ஆட்டோ. 'பொதுமக்களுக்கு இடையூறு' என்று எழுதிக் கொடுத்தேன். பொதுமக்கள் என்றால் நான் ஒருத்திதான்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'மட்டாஞ்சேரியின் காலை ஏலக்காய் மணத்தோடு விடிகிறது. யூதத் தெருவான ஜூ டவுன் கிடங்குகளின் பழைய கதவுகள் ஒவ்வொன்றாக...'

அடித்துவிட்டேன். எங்கள் சந்தில் காலையில் மணப்பது பக்கத்து வீட்டு மத்தி வறுவல்.

அடுத்த முயற்சி: 'அங்கம்மாள் துணிச்சலுக்குப் பெயர்போன...'

இதைப் படித்துக் காட்டினால் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அங்கம்மாள் மின்சார ஆட்டோ ஓட்டுகிறாள். கணவர் அழகருக்கு மாநகராட்சியில் வேலை. வீடு இரண்டாம் மாடி, அங்கிருந்து வயரை இறக்க வழியில்லை. கம்பத்துப் பெட்டியை நம்பித்தான் வண்டியே வாங்கினாள். பெட்டி போய்விட்டால் தோப்பும்படி வரை போய் வரிசையில் நிற்க வேண்டும். மாலைப் பள்ளிக்கூடச் சவாரி, எட்டுப் பிள்ளைகள், கைவிட்டுப் போகும்.

(எனக்கு அவளைப் பிடிக்கும். கதாசிரியர் இதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாதாம். சொல்லிவிட்டேன்.)

3

புகாரை விசாரிக்க சுபாஷிணி என்ற இன்ஜினியர் வந்தார். பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார். டேப்லெட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"இந்தப் பெட்டியை உபயோகிக்கிறது ஒரே ஒரு ஆட்டோ. அதுவும் தினம் அஞ்சு தடவை சார்ஜ் ஏறுது. மெஷின் கேடாயிடுத்தோன்னு நினைச்சேன்."

மெஷின் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாமே ஒரு பெயரில்தான் நடக்கும். பத்திரிகை சஜி பெயரில் வரும், ஸ்டாண்டே படிக்கும். காளிமுத்து பெயரில் சாயா சொன்னால் எல்லோருக்கும் கிளாஸ் வரும். அந்த வழக்கத்தில், பெட்டிக்கான ஆப்பை அங்கம்மாள் போனில் மட்டும் ஏற்றி, ஐந்து வண்டிகளும் அவள் பெயரிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தன.*

"ஞங்ஙள் எல்லாரும்தான் மேடம். ஒரு பேர் போரே?" என்றான் சஜி. நாங்கள் எல்லோரும்தான், ஒரு பெயர் போதாதா என்று அர்த்தம்.

"போராது. ஒரு பெட்டிக்குக் குறைஞ்சது ஆறு வண்டின்னு விதி. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள, தனித்தனி நம்பரோட ஆறு வண்டி சார்ஜ் ஏத்தியிருக்கணும். இல்லேன்னா பெட்டியைக் கழட்டி வல்லார்பாடத்துக்குக் கொண்டுபோயிடுவா. அங்க கேட்டுண்டே இருக்கா."

அன்றைக்கே ஐந்து பேரும் தனித்தனியாகப் பதிந்து சார்ஜ் ஏற்றினார்கள். ஸ்டாண்டில் மின்சார ஆட்டோவே ஐந்துதான்.

* யாருக்கும் இது தப்பென்று தோன்றவில்லை. எழுதும்போது எனக்கும் தோன்றவில்லை.

4

மறுநாள் அங்கம்மாள் என்னிடம் வந்தாள். "அக்கா, பெட்டி போகாம இருக்க ஒரு மனு எழுதித் தரணும். உங்களுக்குத்தான் எழுத்து வரும்."

என்னால் தாங்க முடியவில்லை. புகார் கொடுத்ததே நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்க்கா. அன்னிக்கு உங்களை ஆபீசுக்குக் கொண்டுபோய் விட்டது ஆரு? என் வண்டிதானே. வழியெல்லாம் அந்த லெட்டரைத்தானே சத்தமா வாசிச்சுட்டு வந்தீங்க."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சவாரி ஏறின ஆளை எப்படி இறக்கிவிடறது? சாரமில்ல, பரவாயில்ல, இப்ப எழுதுங்க."

இந்த இடத்தில் என் வெட்கத்தைப் பற்றி அழகாக ஒரு வாக்கியம் எழுதப் பார்த்தேன், வரவில்லை.

5

மனு எழுதிக் கொடுத்தேன். விதி விதிதான் என்று பதில் வந்தது. ஆகவே, கதைக்கு நான் யோசித்த முடிவுகள்:

(அ) திருப்பூணித்துறையிலிருந்து அபிராம் என்ற இளைஞன் மின்சாரக் காரில் வருகிறான். பேட்டரியில் நான்கு சதவீதம்தான் மிச்சம். நேரம் நாலு ஐம்பது. எங்கள் சந்துக்குள் வழிதவறித் திரும்புகிறான். இதை இரண்டு பக்கம் உருகி உருகி எழுதினேன். அங்கம்மாளுக்குத் தமிழைவிட மலையாளம்தான் வாசிக்க எளிது என்பதால் நானே படித்துக் காட்டினேன்.

"ஆரு இந்த அபிராம்?"

"நான் உண்டாக்கினவன்."

"வண்டி நம்பர் எத்தனை?"

நான் நம்பர் கொடுத்திருக்கவில்லை.

"பின்னே அந்த ஆளை வச்சு நான் என்ன செய்ய, அக்கா?"

(ஆ) நானே ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்குகிறேன். கதைக்கு நல்லது. ஆனால் எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

(இ) சுபாஷிணி மனமிரங்கி ஐந்தை ஆறு என்று எழுதிக்கொள்... வேண்டாம். அவருக்கு வேலை போகும். அவரையும் எனக்குப் பிடித்துவிட்டது.

6

இன்று சனிக்கிழமை, மணி நான்கரை. இதை வாசலில் நாற்காலி போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். சஜியும் ஸ்டாண்டின் இன்னொரு டிரைவர் அனீஷும் சந்து முனையில் நின்று, சத்தமில்லாமல் வருகிற வண்டியையெல்லாம் கைகாட்டி நிறுத்துகிறார்கள். சுபாஷிணி கம்பத்தடியில் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார். என்னால் மனிதர்களை உண்டாக்க முடியும். பெட்டியில் செருக ஒரு பிளக்கை உண்டாக்க முடியவில்லை. நீங்கள் காகிதத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள். உங்களுக்குச் சாலை உண்டு, ஒருவேளை வண்டியும் உண்டு.

அங்கம்மாளின் ஆட்டோவுக்குப் பாதிதான் சார்ஜ் ஏறியிருந்தது. அவள் வயரைப் பிடுங்கிச் சுருட்டி, வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டாள். வர்ற ஆளுக்கு இடம் வேணுமில்ல அக்கா, என்கிறாள்.

என் வாசல் இப்போது காலியாக இருக்கிறது. பார்க்கவே சகிக்கவில்லை.