ஆவா சிரிக்க மாட்டாள்

சனிக்கிழமை காலை பதினொரு மணி. பின்லாந்தின் ஔலு நகர நூலகத்தின் மேல்மாடி அறையில் இரண்டாவது காப்பியும் இறங்கிவிட்டது. ஏலக்காய் போட்ட பன்களை ரைலி தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சந்தைக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருப்பவள் அவள். மாவு பிசைகிற நேரம் போக மீதி நேரத்தில் விண்கப்பல் கதை எழுதுவாள். அந்த மேசையைச் சுற்றியிருந்த ஏழு பேருக்கும் அதே பைத்தியம்தான்.

வருடத்துக்கு ஒரு தொகுப்பு போடுவார்கள். கதைகளை எழுதியவர் பெயர் இல்லாமல் படித்து, வாக்கெடுத்து, அதன் பிறகுதான் எழுதியவர் யாரென்று சொல்வார்கள். இது கலெர்வோ போட்ட சட்டம். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர், பத்து வருடமாகத் தொகுப்பாசிரியர். பெயர் தெரியாவிட்டால் பாரபட்சமும் வராது என்று உறுதியாக நம்பினார். பாரபட்சம் பெயரில் மட்டும்தான் இருக்கிறது என்பது அவர் கணக்கு.

அன்றைய கதை ஆவா என்ற பெண்ணைப் பற்றியது. பூமிக்கு மேலே மிதக்கும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். ஒரு கால் இரும்பு. மூளையில் ஒரு கம்பி, அதைக் கொண்டுதான் கிரேனை அசைக்கிறாள். பாதி உடம்பு, பாதி இயந்திரம். கம்பெனி டாக்டர் அவளுக்குப் புதுக் கால் தருவதாகச் சொல்லி, கூடவே ஒரு கணினிச் சில்லையும் நீட்டுகிறார். தலையில் பொருத்தினால் சிரிப்பு தானாக வருமாம், எதிராளியின் கண்ணைப் பார்க்க வருமாம். ஆவா காலை வாங்கிக்கொள்கிறாள். சில்லு வேண்டாம் என்கிறாள். காலைச் செருகும் கிண்ணம் உரசிப் புண்ணாகிறது, உள்ளே மெத்தென்று ஏதாவது வையுங்கள் என்று கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிறாள். அவ்வளவுதான் கதை.

கலெர்வோ தாள்களைக் கீழே வைத்தார்.

"நல்ல கைதான். ஆனா இவளுக்கு மனசே இல்லப்பா. கடைசிவரைக்கும் மெஷினாவே இருக்கா."

"ஒரு சொட்டுக் கண்ணீராவது விடலாம்," என்றாள் பக்கத்தில் இருந்த பெண்.

"அதான்! அந்தச் சில்லை வாங்கிக்கட்டும். முதல்தடவையா அழட்டும். அப்பதான் மனுஷியா மாறுவா. இதை எழுதினது யாரோ ஆம்பளைதான், நான் பந்தயம் கட்டுறேன். பொம்பளை மனசு தெரியாத ஆள். நொண்டிக் காலை எங்கயோ படத்துல பார்த்திருக்கான், அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலோரம் இருந்த சைமி மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததை யாரும் கவனிக்கவுமில்லை. அவள் எப்போதுமே சிரிப்பதில்லையே.

கதை அவளுடையது. முழங்காலுக்குக் கீழே அவளுக்கு இடது கால் பிறவியிலேயே கிடையாது. கால்சட்டைக்குள் இருப்பது செயற்கைக் கால் என்று இந்த எழுத்து வட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கிறாள். 'ஒரு சிரிப்பு சிரிச்சா என்ன குறைஞ்சா போயிடுவே?' என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுவார்கள். பக்கத்து ஷெட்டில் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாத ஆணிடம் அதை ஒருவரும் கேட்டதில்லை. ஆட்டிசம் என்று அவளுக்குத் தெரியவந்ததே இருபத்துநாலு வயதில்தான். அவள் வகுப்பில் ரயில் நேரங்களை ஒப்பித்துக்கொண்டிருந்த பையனுக்கு ஏழு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பஸ் நேரங்களை ஒப்பித்த இவளுக்கு 'கூச்ச சுபாவம்' என்று எழுதினார்கள். பெண் பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்தால் டாக்டருக்குக்கூட அது கவனிக்கத்தக்க விஷயமாகத் தெரிவதில்லை.

மூன்று வருடமாக எழுதுகிறாள். அச்சில் வரப்போகும் முதல் கதை இதுதான். வந்தால்.

வாக்கெடுத்தார்கள். கடைசிப் பக்கத்தை மாற்றினால் போடலாம் என்று ஐந்து கை. அப்படியே போடலாம் என்று இரண்டு. ஒன்று ரைலி, இன்னொன்று சைமி.

"சரி, யாருப்பா எழுதினது? மாத்திக் குடுத்துடு," என்றார் கலெர்வோ.

"நான்," என்றாள் சைமி. "மாத்த மாட்டேன். கதையைத் திரும்ப எடுத்துக்கிறேன்."

கலெர்வோ அவள் பக்கம் திரும்பினார்.

"நீயா? ஆனா நீ… பொண்ணாச்சே!"

"ஆமா. பந்தயத்துல தோத்துட்டீங்க."

ரைலி பன்னை வாயில் வைத்தபடியே குலுங்கினாள்.

கலெர்வோவின் காது சிவந்தது. "கோவிச்சுக்காதே சைமி. கதைக்காகத்தான் சொன்னேன். படிக்கிறவங்க நம்பணும் இல்லையா?"

"கோவம்தான்," என்றாள் சைமி, மேசை விளிம்பைப் பார்த்தபடி. அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "போன வருஷம் நீங்க ஒரு கதை எழுதினீங்க. பனி உடைக்கிற கப்பல்ல இரும்புக் கை வெச்ச மாலுமி. இருபது பக்கத்துல அவன் மொத்தம் பதினாலு வார்த்தை பேசுறான். எண்ணினேன். சிரிக்கல, அழல. ஒருத்தன் கண்ணையும் பார்க்கல."

"அது… அந்த மாதிரி ஆளு அவன்."

"அவனுக்கு மனசு இல்லைன்னு இங்க யாரும் சொல்லல. 'ஆழமான மனுஷன்'னு சொன்னீங்க. ஆவா அறுபது வார்த்தை பேசுறா. அவ மெஷின்."

"மாட்டினியா!" என்றாள் ரைலி. "ஏம்ப்பா கலெர்வோ, அன்னிக்கு நீ உன் மாலுமியை நினைச்சு மூக்கைச் சிந்தினியே, என் கைக்குட்டைதான் போச்சு. ஆம்பளை வாய் தொறக்கலேன்னா ஆழம், பொம்பளை வாய் தொறக்கலேன்னா பழுதா?"

கலெர்வோ கையிலிருந்த பென்சிலை மேசையில் உருட்டினார்.

"இன்னொண்ணு," என்றாள் சைமி. "எழுதினவன் காலைப் படத்துல பார்த்திருக்கான்னீங்க. நான் அதைத் தினமும் காலைல மாட்டுறேன். கிண்ணம் உரசும். குளிர்ல இன்னும் மோசம். அதைத்தான் ஆவா கேட்குறா. அவளுக்கு வேண்டியது அது. நீங்க அவளுக்கு அழுகை குடுக்கப் பார்க்குறீங்க. அவ கேட்கவே இல்லையே."

தாள்களை எடுக்கக் கை நீட்டினாள். கலெர்வோ அவற்றின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"ஒரு பத்து நிமிஷம் குடு. திரும்பப் படிக்கிறேன்."

அந்த ஊரில் யாராவது படிக்கிறேன் என்றால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஆறு பேர் காப்பியை உறிஞ்சினார்கள். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினார். இந்த முறை ஆவா என்ன செய்யவில்லை என்று தேடவில்லை. என்ன செய்கிறாள் என்று பார்த்தார். புயலில் கிரேன் ஆடும்போது கீழே நிற்கும் ஒன்பது பேரையும் பெயர் சொல்லி எண்ணுகிறாள். அவர்கள் எல்லோரும் உள்ளே போகும்வரை கிரேனை விட்டு நகரவில்லை. முதல் முறை படித்தபோது இந்தப் பத்தியை அவர் அப்படியே தாண்டிப்போயிருந்தார்.

ஒன்பதாம் பக்கத்தில் நின்று, பின்னால் புரட்டி, மறுபடி முன்னால் வந்தார்.

"சைமி, மூணாம் பக்கத்துல இவளுக்கு இரும்புக் கால் இடது. ஒன்பதாம் பக்கத்துல ஏணி ஏறும்போது வலதுகால் உரசுதுங்கிறே."

சைமி எட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கத்தையும் படித்தாள். காது நுனிவரை வெட்கம் ஏறியது.

"ஐயோ. தப்பு. பெரிய தப்பு. இதை மாத்துறேன். இப்பவே மாத்துறேன்."

"ஏழு பேர் படிச்சோம்!" என்று ரைலி மேசையைத் தட்டினாள். "பொண்ணுக்கு மனசு எங்கேன்னு தேடினதுல கால் இடம் மாறினது ஒருத்தன் கண்ணுலயும் படல!"

இப்போது வந்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. சைமி சிரிக்கவில்லை. கலெர்வோ காதிலிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கி, 'வலது' என்பதை அடித்து 'இடது' என்று எழுதினாள். அவள் மகிழ்ச்சியாக இருந்தாள். அது முகத்தில் தெரிய வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

கலெர்வோ மறுபடி வாக்குக் கேட்டார். கடைசிப் பக்கம் அப்படியே இருக்கட்டும் என்று ஏழு கை உயர்ந்தன. முதல் கை அவருடையது.

"ஒண்ணு சொல்லிடுறேன்," என்றார், ஆறிப்போன காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு. "பேரை மறைச்சா நியாயம் வந்துடும்னு நினைச்சேன். என் கண்ணை எங்க கொண்டு மறைக்கிறது? உடம்புல இரும்பு இருந்தாலும், முகத்துல சிரிப்பு வராட்டியும் அவ ஏற்கெனவே முழு மனுஷி. அவளை மனுஷியாக்க நாம யாரு? என்ன வேணும்னு அவகிட்டக் கேட்கணும், கேட்டதைக் குடுக்கணும். அதுதான் நம்ம வேலை."

சைமி பென்சிலை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இதையேதான் ஆவா டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கா," என்றாள். "பதினொண்ணாம் பக்கம். உங்களைவிடச் சுருக்கமா."