கலைக்கூடத்தில் தானியேல்

செத்துப்போன அப்பாவின் தாடையைக் கட்டுவதற்காக ஞானசுந்தரி கிழித்துக்கொண்டிருந்த வேட்டித் துணியை அருள்தாஸ் பிடுங்கிக்கொண்டான்.

"நீ இத்தத் தொடாத. மொதல்ல போயி அந்தப் படத்தக் கழட்டிக்கினு வா."

"இப்பவாண்ணா?"

"இப்பத்தான். ஊருக்குள்ள ஒரு பக்கம் குனிஞ்சிகினு நிக்கிறாரு. இங்க ஒரு பக்கம் படுத்துகினு கீறாரு. அது வூட்டுக்கு வராம நான் பொட்டிய எடுக்க வுட மாட்டேன்."

வாசலில் தென்னங்கீற்றை விரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். பாயில் கிடந்த தானியேலின் காலடியில் உட்கார்ந்திருந்த சிட்டம்மாள் மகனையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. ஈரத்துணியால் புருஷனின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாஸ்டர் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

ஞானசுந்தரி எழுந்தாள். தெரு முனை தாண்டி ஏரிக்கரையில் ஏறிய பிறகுதான் செருப்பு போடவில்லை என்பது தெரிந்தது. பங்குனி வெயில் அதற்குள் மண்ணைச் சுட வைத்திருந்தது.

முந்தின நாள் சாயந்திரம் தானியேல் எங்கேயோ போய்விட்டு வந்து, தோள் வலிக்கிறது என்றார். சிட்டம்மாள் தைலம் தேய்த்துவிட்டாள். சோறு வேண்டாமென்று படுத்தவர், விடியும்போது எழுந்து உட்கார்ந்து மார்பைத் தடவினார். அப்படியே சாய்ந்தார். வாலாஜாபாத் அரிசி மில்லில் வேலை பார்க்கும் அருள்தாஸுக்கு ஆள் போய்ச் சொல்லி, அவன் வந்து சேர்ந்தபோது உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. மகளிடம் தானியேல் கடைசியாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. படத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்று சாயந்திரம் பேசியதோடு சரி.

காலனி பால்வாடியில் அவள் டீச்சர். பிள்ளைகளுக்காக மாம்பழமும் மாடும் வரைந்து சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, டிராயிங் மாஸ்டர் முத்துகிருஷ்ணன் அவளை உத்திரமேரூர் ஓவியர் மன்றத்தில் சேர்த்துக்கொண்டார். கடைப்பலகை எழுதும் சேட்டு, பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர் ஒருவர், நெல் மண்டிக் கணக்குப்பிள்ளை, தையல் டீச்சர் என்று அங்கே கொஞ்சம் பேர்தான். மூடிக் கிடந்த எண்ணெய்ச் செக்குக் கொட்டகையை மண்டிக்காரர் ஒருவர் கொடுத்தார். எல்லோருமாகச் சேர்ந்து வெள்ளையடித்தார்கள். 'கலைக்கூடம்' என்று சேட்டு பலகை எழுதி மாட்டினார். வருஷத்துக்கு ஒரு கண்காட்சி. இந்த வருஷம் சப்-கலெக்டர் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

அவள் படம் நடுச்சுவரில் இருந்தது. சேட்டு கொடுத்த ஹார்டுபோர்டில் வரைந்தது. களத்துமேடு. மேலேயிருந்து மோதிரம் போட்ட ஒரு கை செம்பைச் சாய்க்கிறது. கைக்கு உரிய ஆள் படத்துக்குள் இல்லை. கீழே, தோளில் இருக்க வேண்டிய துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒருவர் குனிந்து நிற்கிறார். இரண்டு கையையும் குவித்து வாயோடு சேர்த்து, விழுகிற கூழைக் குடிக்கிறார். சின்ன வயதில் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து அவள் பார்த்தது அது. பார்த்தவர்கள் எல்லாரும் செம்பின் பளபளப்பைத்தான் பாராட்டினார்கள். படத்துக்கு அவள் பெயர் எதுவும் வைத்திருக்கவில்லை. 'உழைப்பாளி' என்று மாஸ்டர் ஒரு அட்டையில் எழுதிக் கீழே ஒட்டினார்.

டீக்கடையில் யாரோ தானியேலிடம் சொல்லிவிட்டார்கள். ஒன் பொண்ணு ஒன்னிய வரைஞ்சி மாட்டிகீதாமே, கையேந்திக்கினு நிக்கிறாப்போல.

"அத்தக் கழட்டிடு," என்றார் அவர் அன்று சாயந்திரம்.

"அவங்கதான் நைனா வெக்கப்படணும். நீ ஏன் படுற?"

"அவங்க எங்க படுறாங்க? வந்து பாத்துட்டு, நல்லா கீதுன்னுட்டுப் போறாங்க."

அவரே மறுபடி பேசினார். குரல் தணிந்திருந்தது.

"நான் குனிஞ்சது எனுக்குத் தெரியும். நீ பாத்துக்கினு நின்னது எனுக்குத் தெரியாது. இத்தினி வருசமா தெரியாது."

கண்காட்சி முடியட்டும், கழற்றிவிடுகிறேன் என்று அவள் சொன்னாள். அவர் வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது முத்துகிருஷ்ணன் தன் வீட்டில் குளித்துக்கொண்டிருந்தார். "அப்பிடி நில்லும்மா, வந்துடுவாரு," என்று அவர் மனைவி கேட்டைத் திறக்காமல் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஞானசுந்தரி வேப்பமர நிழலில் நின்றாள். உள்ளே தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் நிற்பதாக இல்லை. ரேடியோவில் யாரோ உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதர் இத்தனை நேரமா குளிப்பார் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

நெற்றியில் விபூதியோடு மாஸ்டர் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னம்மா, சாயந்திரம்தான வரச் சொன்னேன்? நல்ல புடவையா கட்டிகினு வா. சப்-கலெக்டர்கிட்ட ஒன்னத்தான் மொதல்ல அறிமுகப்படுத்தப் போறேன்."

"எங்கப்பா செத்துட்டாரு சார்."

"அடடா. எப்போ?"

"விடியக்காலம்."

"அப்ப நீ ஏம்மா இங்க வந்து நிக்கிற?"

"அந்தப் படம் வேணும் சார். அதுல இருக்கறது எங்கப்பாதான்."

மாஸ்டர் முகத்தில் எதுவோ தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்ததும் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்படின்னா ஒண்ணு செய்வோம். படத்துக்கு மாலை போடுவோம். சப்-கலெக்டர் கையாலயே போட வெக்கிறேன். எல்லாரும் எழுந்து நின்னு மௌன அஞ்சலி. போட்டோக்காரன் வேற வர்றான். ஒங்கப்பாவுக்கு இதவிட என்னம்மா மரியாதை வேணும்?"

"படம் வந்தாத்தான் சார் பொட்டிய எடுக்க வுடுவாரு எங்கண்ணன்."

"நாளைக்குக் காலைல நானே ஆள் வெச்சு அனுப்பறேன்."

"நாளைக்கி அவரு மண்ணுக்குள்ள இருப்பாரு சார்."

"கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா. அந்தப் படம் இல்லாம என்ன கண்காட்சி? இது ஒனக்காகவும்தான் சொல்றேன்."

அவர் சொல்வதில் பொய் இல்லை. வண்ணக்குப்பி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். காலனிப் பெண் படத்தை நடுவில் மாட்டுவதா என்று மண்டிக்காரர் முனகியபோது சண்டை போட்டதும் அவர்தான். அந்த நல்ல மனிதரோடு எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி நடந்தாள். "ஞானசுந்தரி, நில்லு," என்று கூப்பிட்டபடி அவர் சைக்கிளை எடுப்பது கேட்டது.

கலைக்கூடம் திறந்திருந்தது. சேட்டு ஏணிமேல் நின்று கலர் காகிதத்தை விட்டத்தில் கட்டிக்கொண்டிருந்தார். கீழே வரிசையாகப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகள். சுவரில் கணக்குப்பிள்ளை வரைந்த ஏரி, தையல் டீச்சரின் மயில், அன்னப்பறவைக் கரைபோட்ட டிசைன் தாள்கள். நடுவில் தானியேல் குனிந்து நின்றார்.

அவள் விஷயத்தைச் சொன்னதும் சேட்டு மெல்ல இறங்கி வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அதற்குள் மாஸ்டரும் வந்துவிட்டார்.

"நீயாவது எடுத்துச் சொல்லு சேட்டு. ஒரே ஒரு சாயந்திரம்."

சேட்டு அவர் பக்கம் திரும்பவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா வெள்ளச் சட்ட போடுவாராம்மா? கழுத்து வரிக்கும் பட்டன் போட்டுகினு?"

"கோயிலுக்குப் போவசொல்ல போடுவாரு."

"மோவாக்கட்டைல ஒரு தழும்பு?"

"ஆமா. ஏண்ணே?"

"நேத்து வந்தாரு."

"நேத்து யாரு வந்தா?" என்றார் மாஸ்டர். "நேத்துதான் யாரும் பாக்க வரலயே."

"பெஞ்சு தூக்குனாரே சார். அவருதான்."

முத்துகிருஷ்ணன் பெஞ்சுகளைப் பார்த்தார். ஞானசுந்தரியும் பார்த்தாள். பழைய காலத்துப் பெஞ்சுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆள் வேண்டும்.

"ஸ்கூல்லருந்து ஆள் அனுப்பறதா சொன்னாங்க," என்றார் மாஸ்டர் மெதுவாக. "அவருன்னு நெனச்சிட்டேன்."

"வாசல்ல வந்து நின்னுகினு, 'ஐயா, ஒரு சமாச்சாரம்'னாரு. நீங்க, மொதல்ல இத்த உள்ள போடு, அப்புறம் பேசலாம்னீங்க. அவரு தூக்கி முடிக்கங்காட்டியும் நீங்க நோட்டீஸ் வாங்க பிரஸ்ஸுக்குப் போயிட்டீங்க." சேட்டு தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "என் கையெல்லாம் பெயிண்டு. இல்லாட்டி ஒரு முனை புடிச்சிருப்பேன். ஒத்த ஆளாவே இஸ்துப் போட்டாரு."

"அப்புறம்?" என்றாள் ஞானசுந்தரி.

"அப்புறம் கொஞ்சம் குந்துனாரு. தண்ணி கேட்டாரு. செம்ப நீட்டுனேம்மா. வாயில வெச்சிக் குடிக்கட்டும்னுதான் நீட்டுனேன், சத்தியமா. அவரு வாங்கல. கைய ஏந்துனாரு. நான் ஊத்துனேன்." சேட்டு நிறுத்தினார். "தோ, இங்கதான். எதுர்ல படம் மாட்டிகீது. எனுக்குத் தோணவே இல்ல."

வெளியே வேர்க்கடலை வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது.

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் முத்துகிருஷ்ணன். கெஞ்சுவது போல இருந்தது.

"தெனமும் பாத்துக்கினுதான சார் இருந்தீங்க."

ஏணியை இழுத்துச் சுவரில் சாய்த்து ஏறினாள். கிட்டத்தில் பார்க்கும்போது, குவிந்த கைகளுக்குப் பின்னால் முகம் பாதிதான் தெரிந்தது. மோவாய்த் தழும்பு விரல்களுக்குள் போய்விட்டிருந்தது. செம்புக்கு மூன்று விதமான மஞ்சள் கலந்தவள், முகத்துக்கு ஒரே பழுப்பைப் பூசி விட்டிருந்தாள். கம்பி முடிச்சு அவிழவில்லை. நகம் மடங்கியது. மறுபடியும் இழுத்தாள். "இரும்மா, இரும்மா," என்று சேட்டு கட்டிங் பிளேயரை நீட்டினார். கம்பியை வெட்டியதும் படம் முழுக் கனத்தோடு அவள் தோளில் விழுந்தது.

வாசலைத் தாண்டும்போது மாஸ்டர் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது.

"சேட்டு, அந்த ஏரிப் படத்த நடுவுக்கு நவுத்தணும்பா."

ஏரிக்கரையில் காற்று பலகையைப் பிடித்துக்கொண்டது. தலையில் வைத்தால் தூக்கியது. இடுக்கிக்கொண்டால் கை எட்டவில்லை. எதிரே வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். வரைந்த பக்கத்தைத் தன் உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, நண்டு போலப் பக்கவாட்டில் நடந்தாள். பலகை ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் இடித்தது. அழுகை வந்தால் தேவலை போலிருந்தது. வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்ததில் தாடைதான் வலித்தது.

பெட்டி வந்து விட்டிருந்தது. தானியேலுக்கு அந்த வெள்ளைச் சட்டையையே போட்டு, பந்தலுக்குக் கீழே பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். அருள்தாஸ் அவளைக் கண்டதும் விறகு பிளக்கிற கொடுவாளை எடுத்துக்கொண்டு வந்தான்.

"குடு இப்பிடி. ஒடச்சி அடுப்புல வெக்கிறேன்."

அவள் கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை. நேற்று அவர் எங்கே போயிருந்தார் என்று அண்ணனிடம் சொல்ல வாயெடுத்தாள். சுற்றிலும் ஆட்கள். சொன்னால் அவன் கொடுவாளோடு கடைத்தெருவுக்குப் போவான். வாயை மூடிக்கொண்டாள்.

"நான் பாக்கவே இல்லியே," என்றபடி சிட்டம்மாள் எழுந்து வந்தாள். "எல்லாரும் பேசுனீங்க. எனுக்கு யாரு காட்டுனீங்க?"

மகள் கையிலிருந்த பலகையைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். அருள்தாஸ் கொடுவாளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"நான் இந்தாண்ட நின்னுகினு இருந்தேன்," என்று படத்தின் ஓரத்தை, பலகை முடிந்து காற்று தொடங்குகிற இடத்தை, சிட்டம்மாள் தொட்டுக் காட்டினாள். "ஒங்கப்பனுக்கு அப்புறம் எனுக்குத்தான் ஊத்துனாங்க. என்னிய நீ போடல."

ஞானசுந்தரி அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெயிலு மூஞ்சில அடிக்குது பாரு," என்றாள் சிட்டம்மாள் அடுத்த மூச்சில். அவசரத்தில் போட்ட பந்தலில் கீற்று விலகி, வெளிச்சம் தானியேலின் நெற்றியிலும் மூடிய கண்களிலும் விழுந்து கிடந்தது. அவள் பலகையைத் தூக்கிப்போய்ப் பந்தக்காலில் சாய்த்து நிறுத்தினாள். வரைந்த பக்கம் உள்ளே, அவரைப் பார்த்தபடி இருந்தது. வெளியே நின்றவர்களுக்கு ஹார்டுபோர்டின் சொரசொரப்பான முதுகு மட்டும் தெரிந்தது. நிழல் அவர் முகத்தை மூடியது.

அருள்தாஸ் கொடுவாளைக் கூரையில் செருகிவிட்டு, பாஸ்டரைப் பார்க்கப் போனான்.

பெண்கள் பாட்டை ஆரம்பித்தார்கள். வெயில் மேற்கே சாயச் சாய, வெளிச்சம் பலகையைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் அவர் காதோரம் எட்டிப் பார்த்தது. சிட்டம்மாள் பாட்டை நிறுத்தாமல் எழுந்து, பலகையை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, மறுபடி எழுந்தாள்.